கேபிள் பின்னலில் கண்ணி இறுகுவது எங்கே, தளர்த்த வேண்டியது எங்கே?

2023 அக்டோபர் 12 (வாசகி ஒருவரின் கேள்வி)

ஆறு கண்ணிக் கேபிள் (கண்ணிகளை இடம் மாற்றிக் கயிறுபோல் முறுக்கும் வடிவம்) வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கிறேன். சாதாரண வரிசைகள் சிக்கலின்றி வருகின்றன. கேபிளைத் திருப்பும் வரிசை வந்தவுடன் கண்ணிகள் ஊசியை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஊசி முனை உள்ளே நுழைவதே இல்லை. நான்கைந்து திருப்பங்களுக்குப் பிறகு கட்டைவிரல் வலிக்கிறது. யாரைக் கேட்டாலும் தளர்வாகப் பின்னுங்கள் என்கிறார்கள். எதை, எந்த இடத்தில், எப்படித் தளர்த்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

2023 அக்டோபர் 13

இதே கேள்வியோடு நான் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அயர்லாந்தின் கால்வே நகரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஊர்க் கடற்கரையிலிருந்து சற்று மேற்கே போய்ப் படகேறினால் ஆரன் தீவுகள். அந்தத் தீவுகளின் பெயரைத் தாங்கிய கேபிள் ஸ்வெட்டர் ஒன்றை என் தந்தைக்காகப் பின்னத் தொடங்கியபோதுதான் எனக்கு இந்தச் சிக்கல் வந்தது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஆரன் தடிமன் எனப்படும் சற்றுத் தடித்த கம்பளி நூலில், 5 மி.மீ. ஊசியில், எனக்குப் பத்து சென்டிமீட்டருக்குப் பதினெட்டு கண்ணிகளும் இருபத்து நான்கு வரிசைகளும் வருகின்றன. அதாவது ஒரு கண்ணியின் அகலம் ஏறத்தாழ 5.5 மி.மீ.; ஒரு வரிசையின் உயரம் ஏறத்தாழ 4 மி.மீ. ஆறு கண்ணிக் கேபிளில் மூன்று கண்ணிகளைக் கேபிள் ஊசி என்னும் சிறிய துணை ஊசியில் எடுத்து முன்னாலோ பின்னாலோ நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்னி, பிறகு நிறுத்தியதைப் பின்னுகிறோம். அப்படியானால் ஒவ்வொரு கண்ணியும் நேராக 4 மி.மீ. ஏற வேண்டிய இடத்தில், பக்கவாட்டில் 16 மி.மீ.க்கு மேல் பயணம் செய்துகொண்டே ஏற வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கான நூல் அந்தக் கண்ணியில் இல்லை. இறுக்கத்தின் வேர் இதுதான், உங்கள் கையில் குறை எதுவும் இல்லை.

உடனடியாகச் செய்யக்கூடியவை மூன்று. ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக்குங்கள். கேபிள் ஊசி, பின்னும் ஊசியைவிட மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கேபிள் ஊசி, ஏற்கெனவே நூல் போதாத கண்ணியை மேலும் விரிக்கும். கேபிள் ஊசியில் இருக்கும் மூன்று கண்ணிகளை அப்படியே பின்ன முயலாமல், இடது ஊசிக்குத் திருப்பி ஏற்றிப் பின்னுங்கள். திருப்பம் முடிந்ததும் நூலை ஒருமுறை நன்றாக இழுத்துவிட்டால் இடையில் தெரியும் துளை மறைந்துவிடும்.

2023 அக்டோபர் 13, இரவு

ஒரு சொல்லைப் பற்றி. பிரித்தானிய, ஐரிஷ் பின்னல் குறிப்புகளில் தலைப்பிலேயே டென்ஷன் என்று ஒரு வரி இருக்கும்; பத்து சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை வர வேண்டும் என்ற அளவு அது. நம் வீடுகளில் டென்ஷன் என்றால் மனப் பதற்றம். முதன்முதலில் அந்த வரியைப் படித்தபோது ஒரு கணம் திகைத்தேன். பின்னர் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கை உணர்த்தியது. கண்ணி விழுந்துவிடுமோ என்று அஞ்சும் கைதான் நூலை இழுத்துப் பிடிக்கிறது.

2023 அக்டோபர் 21

பதின்மூன்றாம் தேதி எழுதிய கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. 16 மி.மீ. என்பது சாதாரணப் பின்னலின் அகலத்தை வைத்துச் சொன்னது. இன்று கேபிள் பகுதியை மட்டும் தனியாக அளந்தேன். அங்கே பத்து சென்டிமீட்டருக்கு இருபத்து நான்கு கண்ணிகள் இருக்கின்றன. அப்படிப் பார்த்தால் மூன்று கண்ணிகளின் அகலம் பன்னிரண்டரை மில்லிமீட்டர்தான். நூல் போதாததால் துணியே சுருங்கி, கண்ணி செல்ல வேண்டிய தூரத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. கேபிள் ஸ்வெட்டருக்கு அதே அகலத்துக்குக் கூடுதல் கண்ணிகள் வேண்டும் என்றும், ரிப் (விளிம்பில் வரும் நெகிழும் பட்டை) முடிந்து கேபிள் தொடங்கும் இடத்தில் கண்ணிகளைக் கூட்ட வேண்டும் என்றும் குறிப்புகளில் சொல்வதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

இந்த வாரம் வேறொன்றையும் சோதித்துப் பார்த்தேன். திருப்பும் வரிசையில் எவ்வளவு கவனமாகத் தளர்த்தினாலும் பயன் குறைவு. ஏனென்றால் அந்த வரிசையில் இடம் மாறும் கண்ணிகள் அதற்கு முந்தைய வரிசையில் உருவானவை. திருப்பம் முன்பக்கத்தில் நடக்கும். அதற்கு முந்தையது பின்பக்க வரிசை, கேபிளின் ஆறு கண்ணிகளும் அங்கே பர்ல், அதாவது நூலை முன்னால் வைத்துப் பின்னும் கண்ணி; நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது நிட். அந்த ஆறு பர்ல் கண்ணிகளை மட்டும் தளர்வாகப் பின்னினேன். அடுத்த வரிசையில் ஊசி எதிர்ப்பில்லாமல் நுழைந்தது.

தளர்வாக என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன், உங்கள் கேள்வியே அதுதான். பின்னல் ஊசியின் முனை கூம்பி இருக்கும். 5 மி.மீ. ஊசியின் முழுத் தடிமனில் ஒரு கண்ணி உருவானால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 15.7 மி.மீ.; 3 மி.மீ. தடிமனுள்ள கூம்புப் பகுதியிலேயே உருவாக்கி இழுத்துவிட்டால் சுற்றளவு 9.4 மி.மீ.தான். நான் பல ஆண்டுகளாக முனையிலேயே பின்னி வந்திருக்கிறேன். முழு 5 மி.மீ. ஊசி கையில் இருந்தும் கண்ணிகள் 3 மி.மீ. ஊசியின் கண்ணிகளாகப் பிறந்திருக்கின்றன. புதிய கண்ணியை ஊசியின் தடித்த பகுதிவரை உள்ளே தள்ளிவிட்டு, அதன் பிறகு பழைய கண்ணியை இறக்குங்கள். முதல் நூறு கண்ணிகளுக்கு வேகம் குறையும்.

2023 நவம்பர் 2

ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தந்தையின் ஸ்வெட்டரின் முதுகுப் பகுதியை 5.5 மி.மீ. ஊசியில் இருபது சென்டிமீட்டர் பின்னிய பிறகு விரித்துப் பார்த்தேன். கேபிள்கள் மென்மையாக இருந்தன. ஆனால் கேபிள்களுக்கு இடையே இருக்கும் பர்ல் பள்ளங்கள் தொளதொளவென்று தொங்கின. பக்கவாட்டில் வைத்த, நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் மாஸ் தையலுக்கு உடலே இல்லை. சிக்கல் ஆறு கண்ணிகளில் இருக்க, நூற்றுப் பத்து கண்ணிகளுக்கும் மருந்து கொடுத்திருக்கிறேன். பிரித்துவிட்டு மீண்டும் 5 மி.மீ. ஊசிக்கு வந்தேன்.

பெரிய ஊசி இன்னொரு குறையையும் அம்பலப்படுத்தியது. ஒவ்வொரு கேபிளின் இடது ஓரத்திலும், கடைசி நிட் கண்ணிகளின் வரிசை ஏணிபோல் அகன்று, மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இதற்குக் காரணம் உண்டு. நிட் கண்ணி முடிந்து பர்ல் தொடங்கும் இடத்தில் நூல் ஊசிகளுக்கு இடையே பின்னிருந்து முன்னுக்கு வர வேண்டும். அந்தச் சிறிய பயணத்துக்கான கூடுதல் நூல், முந்தைய நிட் கண்ணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே கேபிளில் நடுவே நூல் பற்றாக்குறை, இடது ஓரத்தில் நூல் மிகுதி. எல்லாவற்றையும் தளர்த்துங்கள் என்ற பொது அறிவுரை இதனால்தான் பயன்படுவதில்லை.

ஓரத்துக்கு நான் கண்ட தீர்வு: கேபிளை அடுத்து வரும் முதல் பர்ல் கண்ணிக்கு மட்டும் நூலை வழக்கம்போல் ஊசியின் மேலாகச் சுற்றாமல் கீழாக எடுத்துப் பின்னுவது. அந்தப் பாதை குறுகியது என்பதால் மிகுதி நூல் அவ்வளவாகச் சேராது. ஆனால் அந்தக் கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்திருக்கும். பின்பக்க வரிசையில் அதை நிட் செய்யும்போது கண்ணியின் பின்காலில் ஊசியை நுழைக்க வேண்டும், இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று அங்குலத்தில் கை பழகிவிடும். ஏணி முழுவதும் மறையவில்லை, முன்பிருந்ததில் பாதிகூட இல்லை.

2023 நவம்பர் 5

பின்னல் என்ற ஒரே சொல்லை நாம் கூந்தலுக்கும் கம்பளிக்கும் பயன்படுத்துகிறோம் என்பதை இந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி நாட்களில் என் தாய் எனக்குச் சடை போடும்போது கூந்தலை மூன்று கால்களாகப் பிரித்து, உச்சியில் முதல் இரண்டு திருப்பங்களை இளக்கமாகவும் பிடரிக்குக் கீழே ஒரே சீராகவும் பின்னுவார். உச்சியில் இறுக்கினால் மாலைக்குள் தலை வலிக்கும் என்பது அவர் கணக்கு. கேபிளும் கால் மாற்றிப் போடும் வேலைதானே, அதே கை ஏன் எனக்கு வரவில்லை என்று யோசித்தேன்.

விடை கிடைத்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. சடையின் கீழ்முனை கட்டப்படாமல் இருக்கிறது. ஒவ்வொரு கால் மாற்றும்போதும் தேவைப்படும் கூடுதல் நீளம் கீழிருந்து மேலே வந்துவிடும். அதனால்தான் பின்னிய சடை, அவிழ்த்த கூந்தலைவிடக் குட்டையாக இருக்கிறது. கேபிளின் கால்களுக்கு அப்படித் தொங்கும் முனை கிடையாது. கீழே ஏற்கெனவே பின்னப்பட்ட துணி, மேலே ஊசி. இரண்டு பக்கமும் கட்டுண்டிருக்கிறது. எந்தத் திசையிலிருந்தும் நீளம் வர வழியில்லை. முந்தைய வரிசையில் நாமே சேமித்து வைத்த நூல்தான் திருப்பத்துக்குக் கிடைக்கும் ஒரே நூல். அக்டோபர் 21 அன்று கை கண்டுபிடித்ததன் காரணத்தை, என் தாயின் சடைதான் எனக்கு எடுத்துச் சொன்னது.

2023 நவம்பர் 6

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், முந்தைய வரிசையில் நூலை ஊசியில் இரண்டு முறை சுற்றி, திருப்பும்போது ஒரு சுற்றை அவிழ்த்துவிட்டால் என்ன என்று கேட்டார். செய்து பார்த்தேன். ஆறு கண்ணிக் கேபிளுக்கு அது மிகுதி; திருப்பத்தின் மேல் கண்ணிகள் தொய்ந்து விழுகின்றன. பன்னிரண்டு கண்ணிகளை ஆறு ஆறாக மாற்றும் அகலமான கேபிளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2023 நவம்பர் 19

இன்னொரு திரும்பப் பெறுதல், இது முன்னதைவிட முக்கியமானது. திருப்பம் முடிந்ததும் நூலை நன்றாக இழுத்துவிடச் சொல்லியிருந்தேன். அதுதான் என் இறுக்கத்துக்குப் பாதிக் காரணம்.

நடந்ததைச் சொல்கிறேன். இரவுப் பணி முடிந்து வந்த காலையில் தூக்கம் வராமல் இடது கைப்பகுதியின் கேபிளைப் பத்து வரிசைகள் பின்னினேன். மறுநாள் ஓய்வுக்குப் பின் மேலும் பத்து வரிசைகள். அளந்தால், களைத்திருந்தபோது பின்னிய பட்டை ஒரு சென்டிமீட்டர் குறுகலாக இருந்தது. ஊசி அதே, நூல் அதே. எனவே என் கையையே கவனிக்கத் தொடங்கினேன். களைப்பில் நான் செய்தது மூன்று: சுண்டுவிரலில் நூலை ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன், இடது கட்டைவிரலால் கண்ணிகளை ஊசியோடு நசுக்கிப் பிடித்திருந்தேன், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் துளை தெரிகிறதே என்று நூலைச் சுண்டி இழுத்திருந்தேன். அந்தச் சுண்டுதல் துளையை மட்டும் மூடுவதில்லை. பக்கத்துக் கண்ணிகளில் இருக்கும் நூலையும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. முந்தைய வரிசையில் அக்கறையாகச் சேமித்ததை இந்த வரிசையில் நானே பறித்திருக்கிறேன்.

இப்போது திருப்பத்தின் நான்காவது கண்ணியை, அதாவது கால் மாறிய பிறகு வரும் முதல் கண்ணியை மட்டும், நூல் தளராத அளவுக்குச் சேர்த்து வைக்கிறேன், இழுப்பதில்லை. சிறு துளை தெரிந்தாலும் அடுத்த இரண்டு வரிசைகளிலும் பிறகு கழுவும்போதும் அது பெரும்பாலும் மூடிக்கொள்கிறது.

கட்டைவிரல் வலிக்கு: கேபிள் ஊசி வழுக்குவதால்தான் நாம் நசுக்குகிறோம். நான் வைத்திருந்தது வழவழப்பான உலோக நேர் ஊசி. கண்ணிகள் நழுவும் என்ற அச்சம் விரலை விட்டுப் போகவில்லை. மர ஊசிக்கு மாறினேன், கம்பளி அதில் ஒட்டி நிற்கிறது. நடுவில் வளைந்த ஊசியும் நல்லதே. கேபிள் ஊசியே இல்லாமல், கண்ணிகளை நழுவவிட்டு விரலால் பிடித்துத் திருப்புகிறவர்கள் வேகமானவர்கள்தாம்; ஆனால் இறுக்கிப் பிடிக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அச்சம் கூடும்.

2023 நவம்பர் 26

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: கோயம்புத்தூரில் இருக்கிறார், பின்னுவது பருத்தி நூலில். இதை முதலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். இதுவரை எழுதியதில் ஒரு பகுதி அவருக்குப் பொருந்தாது.

கம்பளி இழை இயல்பாகவே சுருள் நெளிவுகள் கொண்டது. இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். திருப்பத்தில் போதாத நூலைக் கம்பளி தன் நெகிழ்ச்சியால் ஓரளவு ஈடுகட்டிக்கொடுக்கிறது. பருத்திக்கு அந்த நெகிழ்ச்சி மிகக் குறைவு. நூல் தராததை விரலும் மணிக்கட்டும் தர வேண்டியிருப்பதால் கை வலிக்கிறது.

உங்கள் நூலை வீணாக்க வேண்டாம். ஆறு கண்ணிக் கேபிளை நான்கு கண்ணியாக மாற்றுங்கள், பக்கவாட்டுப் பயணம் மூன்றில் ஒரு பங்கு குறையும். நான்கு கண்ணிக் கேபிளை நான்கு வரிசைக்கு ஒருமுறை திருப்புவது வழக்கம்; நீங்கள் ஆறு அல்லது எட்டு வரிசைக்கு ஒருமுறை திருப்புங்கள், நீண்ட இளகிய கேபிளாக வரும், உங்கள் ஊர் வெப்பத்துக்கும் அதுவே உகந்தது. முந்தைய வரிசைத் தளர்வு உங்களுக்கு என்னைவிட அதிகம் தேவை. முனை கூர்மையான ஊசியாகத் தேடுங்கள். மழுங்கிய முனையால் நெகிழாத கண்ணிக்குள் நுழைவது கடினம். பருத்தி நூலின் இழைகள் முறுக்கவிழ்ந்து பிரியும் வகையாக இருந்தால் மட்டும், மிகக் கூர்மை வேண்டாம்.

2024 ஜனவரி 14

உடன் பணிபுரியும் ஒருவரின் தாயாரைப் பார்க்கப் போயிருந்தேன், எண்பதைக் கடந்தவர். நீண்ட வலது ஊசியின் அடிப்பகுதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னுகிறார். ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் இதற்கென்றே குதிரைமுடி அடைத்த தோல் வார் உண்டு. இடுப்பில் கட்டி, அதன் துளையில் ஊசியைக் குத்தி நிறுத்துவார்கள். பயன் ஒன்றுதான்: ஊசியின் எடையையும் தொங்கும் துணியின் எடையையும் உடல் தாங்கிக்கொள்கிறது, வலது கைக்கு நூலைச் செலுத்தும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. எதையும் தாங்க வேண்டாத விரல் எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து 35 செ.மீ. ஊசியோடு முயன்றேன். அரை மணி நேரம் தடுமாறிய பிறகு தோள் கீழே இறங்கியதை உணர்ந்தேன். அதுவரை அது காதருகே ஏறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. வட்ட ஊசியில் பின்னுகிறவர்கள் துணியை மடியில் வைத்துக்கொண்டாலே இந்தப் பயனில் பெரும்பகுதி கிடைக்கும்.

அவரிடம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கேபிள் வடிவம் இருந்தது உண்மையா என்றும் கேட்டேன், ஏனென்றால் இங்குள்ள கடைகளில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். புன்னகைத்து, கைக்கு எளிதாக வந்ததைப் பின்னினோம் என்றார். குடும்பக் கேபிளுக்குச் சான்று இல்லை. நாம் இன்று காணும் ஆரன் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1940களில் பேட்டன்ஸ் நிறுவனம் பின்னல் குறிப்புகளை அச்சிட்டு விற்றது, அது தீவுகளுக்கு வெளியே பரவ உதவியது. அவர் சொன்ன விடையைத்தான் நான் பொன்னாகக் கருதுகிறேன்.

2024 பிப்ரவரி 3

முதுகுப் பகுதியை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி நீரெடுத்து, தட்டையாக உலர்த்தினேன். உலர்ந்தபின் அகலம் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. மாதிரித் துண்டைக் கழுவாமல் அளந்து முடிவெடுப்பவர்கள் கவனிக்க. சுண்டி இழுத்த காலத்தில் பின்னிய கேபிள்கள் மட்டும் கழுவிய பிறகும் கயிறுபோல் விறைத்தே நிற்கின்றன. அவற்றைத் தண்ணீர் மன்னிக்கவில்லை. அப்படிப் பின்னிய இடது கைப்பகுதியை மணிக்கட்டு ரிப் வரை பிரித்துவிட்டேன்.

2024 பிப்ரவரி 18

கோயம்புத்தூரிலிருந்து எழுதியிருக்கிறார். நான்கு கண்ணிக் கேபிள், எட்டு வரிசைக்கு ஒரு திருப்பம், முந்தைய வரிசையில் நான்கு பர்ல் கண்ணிகளை ஊசியின் தடித்த பகுதியில். பதினோரு திருப்பங்கள் முடிந்துவிட்டன, கட்டைவிரல் வலிக்கவில்லை என்கிறார். இடது ஓர ஏணி மட்டும் இன்னும் தெரிகிறதாம். பருத்தியில் அது கூடுதலாகவே தெரியும். நவம்பர் 2 அன்று எழுதிய கீழ்ச் சுற்றுப் பர்லை முயன்று பாருங்கள், நான்கு அங்குலம் பின்னிய பிறகு இங்கே எழுதுங்கள்.

என் பக்கத்தில், இடது கையை மறுபடி தொடங்கி முழங்கைவரை வந்திருக்கிறேன். நேற்று இரவுப் பணிக்குப் பிறகு ஆசை இருந்தும் ஊசியைத் தொடவில்லை. இன்று மதியம் ஆறு வரிசைகள், ஒரு திருப்பம். பட்டையின் அகலம் வலது கையோடு சரியாக இருக்கிறது.